அறுபத்து நாலு கல் மகால்

கருமாண்டபுதூரில் கனகமணி மகாலைக் கட்டிய வடிவேலன், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முன்வரிசைக்காரர்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள் என்கிற குறை தன் மண்டபத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்து, மணவறையைக் கூடத்தின் நட்டநடுவில் வைத்து, அதன் அடியிலும் சுற்றிலும் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கும் அளவுள்ள கற்களைக் கறுப்பும் வெள்ளையுமாக எட்டுக்கு எட்டு பதித்து, அதற்கும் வெளியே நாலு பக்கமும் நாற்காலிகள் போட்டார். திறப்பு விழாவுக்கு வந்திருந்த கோகிலவாணி, மருந்துக்கடை மாடியில் சனி ஞாயிறுகளில் செஸ் வகுப்பு எடுப்பவள், வடக்கு வாசலில் நின்று தரையைப் பார்த்துவிட்டு, "வலது கைப் பக்கத்து மூலையில வெள்ளைக் கட்டம் வரணும்ங்க, இங்க கறுப்பு வந்திருக்குது" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக, வடிவேலன் அதை வாஸ்துவில் சேர்த்துக்கொண்டு, ஒரு ஓரத்து வரிசையைப் பெயர்த்து எதிர் ஓரத்தில் பதிக்கச் சொன்னார். கடைசிக் கல் உட்கார்ந்ததும் தரையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்ததாகக் கொத்தனார் சொன்னார். சிமெண்டு இறுகும்போது அப்படித்தான் இருக்கும் என்று வடிவேலன் சொன்னார்.

அந்தத் தரையில் நடந்த முதல் விசேஷம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அர்த்தநாரியின் அறுபதாம் கல்யாணம். விசேஷத்துக்கு உரியவரான அர்த்தநாரி கல்லின்மேல் கால் வைத்ததும், எந்தப் பக்கம் போனாலும் ஒரு கல்லுக்குமேல் போக முடியவில்லை, ஒரு கல் போய் நின்று, மறுபடி ஒரு கல் போய் நின்று, மூச்சு வாங்கினார். அவர் மனைவியோ நேராகவும் மூலைவாட்டிலும் எத்தனை கல் வேண்டுமானாலும் ஒரே வீச்சில் போய், வந்தவர்களை வரவேற்று, நாதஸ்வரக்காரரை அதட்டி, ஐயர் மறந்த தர்ப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, கணவரின் பக்கத்துக் கல்லுக்கு வந்து நின்றார். இதில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை, அந்த வீட்டில் நாற்பது வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகுதான் மற்றவர்களின் கால்களைக் கவனித்தார்கள். மூத்த மருமகன் நேர்கோட்டில் மட்டும் நடந்தார், திரும்புவதானாலும் நின்று, முழுசாகத் திரும்பி, மறுபடி நேர்கோடு. அர்த்தநாரியின் தம்பிகள் இரண்டு பேர் மூலைவாட்டில் மட்டும் போனார்கள், ஒருவர் கறுப்புக் கல்லில் நுழைந்ததால் கடைசிவரை கறுப்பிலேயே, இன்னொருவர் வெள்ளையிலேயே. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு பேரும் எவ்வளவு சுற்றினாலும் ஒரே கல்லில் கால் வைக்க வழியில்லை என்று தெரிந்ததும் குடும்பமே நிம்மதியாகக் காப்பி குடித்தது. அந்தக் காப்பியைக் கொண்டுவந்தவர் அர்த்தநாரியின் மச்சினர், இரண்டு கல் நேராகவும் ஒரு கல் பக்கவாட்டிலுமாக, குறுக்கே நிற்கிறவர்களின் தலைக்குமேல் தட்டோடு தாண்டித் தாண்டி, ஒரு சொட்டு சிந்தாமல்.

மீதிப்பேர் முன்னால் மட்டும்தான் போனார்கள். சந்தனம் எடுக்காமல் வந்துவிட்டவர்கள் திரும்பிப் போக முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி சரசு, ஒன்றுவிட்ட சித்தி முறை, எந்த விசேஷத்திலும் யாரும் நாற்காலி எடுத்துப் போடாத ஆள். ஒவ்வொரு கல்லாக, யாரும் கவனிக்காமலே நடந்து எதிர் ஓரத்துக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் கால்கள் இளகிவிட்டன. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணி, "சித்தி, கடைசி வரிசைக்கு வந்துட்டீங்க, இனி என்ன வேணும்னாலும் ஆகலாம். யானையா, குதிரையா, மந்திரியா, ராணியா?" என்று கேட்டாள். சரசு கொஞ்சம் யோசித்து, "அவ்வளவு தூரம் நடந்து வந்துட்டு யானையாவா ஆவாங்க? ராணியாவே ஆக்கிப் போடு கண்ணு" என்றாள். சீர் முடிந்து, இலை போட்டாச்சு என்று குரல் கேட்டதும் எல்லோருடைய கால்களும் பழையபடி ஆகிவிட்டன என்றாலும், அதற்குப் பிறகு கருமாண்டபுதூரில் யாரும் சரசுவை நிற்க வைத்துப் பேசவில்லை.

ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, வளைகாப்பு என்று ஒவ்வொன்றாக நடந்தபோது, யாருக்கான விசேஷமோ அவரே ராஜா என்றும், முதலில் நுழையும் பதினாறு பேரைத்தான் கல் எடுத்துக்கொள்ளும், அவரவர் முதலில் மிதிக்கும் கல்தான் என்ன காய் என்று தீர்மானிக்கும், மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லலாம் என்றும் தெரிந்துகொண்டார்கள். தாய்மாமனைக் குதிரையாக்காமல் சிப்பாயாக்கிவிட்டார்கள் என்று ஒரு காதுகுத்தில் சீர்த்தட்டு திரும்பிப் போனது. பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் காயின் பெயரையும் அச்சடித்தார்கள். கோகிலவாணியின் வகுப்பில் பிள்ளைகளைவிட மாமன் மச்சான்கள் அதிகமானார்கள், அவளும் ஒரு அரிசிக்கடைக்காரரிடம், ராணி ஒரு காலத்தில் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகர்ந்த ஏழை மந்திரியாகத்தான் இருந்தது, ஆட்டம் மேற்கே போன பிறகு, சுமார் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்தான் இவ்வளவு அதிகாரம் வந்தது என்று சொல்ல, அவர் பெருமூச்சு விட்டு, "எங்க வீட்டுக்கு அது எப்ப வந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றார்.

இதுவரை நடந்தவையெல்லாம் ஒரு வீட்டு விசேஷங்கள். இரண்டு வீட்டார் எதிரெதிரே நுழையும் கல்யாணம் என்று ஒன்று அந்த மகாலில் நடக்கவில்லை. முதலாவதாக நிச்சயமானது கோகிலவாணியின் கல்யாணமே.

மாப்பிள்ளை நவநீதன். தென்னைநார் மில் நாச்சிமுத்துவின் ஒரே மகன், செஸ் பலகையைக் கையால் தொட்டதில்லை. நிச்சயத்துக்குப் பிறகு சாயங்காலங்களில் மில் வாசலில் நார் காய்வதைப் பார்த்துக்கொண்டு போனில் பேசுவான், சினிமா பற்றிப் பேசத் தெரியாததால் செஸ் பற்றிக் கேட்பான்.

"ராஜாவை யாரு வெட்டுவாங்க?"

"ராஜாவை வெட்டவே முடியாதுங்க. தப்பிக்க வழியில்லைன்னு ஆன உடனே ஆட்டத்தை நிறுத்திருவாங்க. மத்த எல்லாரும் சாகலாம், ராஜா மட்டும் சாகறதே இல்ல."

"அப்பன்னா அவன்தான் பலசாலி."

"எங்கீங்க. ஒரு கட்டம் நகர்றதுக்கே மூச்சு வாங்கற ஆளு. அவனைக் காப்பாத்தத்தான் மத்தவங்க அத்தனை பேரும்."

"எங்கப்பன் மாதிரி" என்று நவநீதன் சொன்னான். கோகிலவாணி சிரித்தாள், வருங்கால மாமனாரைப் பற்றிச் சிரித்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் தோற்பது எப்படி என்று கேட்டான். "தோத்துட்டேன்னு வாயத் தொறந்து சொல்லக்கூட வேண்டாம். ராஜாவை எடுத்துப் பலகையில படுக்க வெச்சாப் போதும், ஆட்டம் முடிஞ்சுது. அப்புறம் காயெல்லாம் எங்க வேணும்னாலும் போகலாம்" என்றாள்.

"படுத்தா வலிக்குமா?"

"மரக்கட்டைக்கு என்னங்க வலி?"

அன்றைக்குத்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே, அவளுக்கு அது உறைத்தது. கனகமணி மகாலில் தெற்கு வாசல் வழியாக மாப்பிள்ளை வீட்டாரும் வடக்கு வாசல் வழியாகப் பெண் வீட்டாரும் நுழைவார்கள். யாருக்கான விசேஷமோ அவரே ராஜா. கல்யாணம் இரண்டு பேருக்கானது. அவன் ஒரு பக்கத்து ராஜா, அவள் எதிர்ப்பக்கத்து ராஜா. இரண்டு ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்க ஆட்டத்தில் இடமே இல்லை, ஆட்டம் தோன்றிய நாளிலிருந்து எந்தப் பலகையிலும் நின்றதில்லை. நடுவில் எப்போதும் ஒரு கட்டமாவது கிடக்கும்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றான் நவநீதன்.

"நீங்க எனக்குத் தாலி கட்ட முடியாதுங்க" என்றாள் கோகிலவாணி.

மண்டபத்தை மாற்றச் சொல்லி இரண்டு வீட்டிலும் பேசிப் பார்த்தார்கள். வைகாசியில் குறித்திருந்த அந்த முகூர்த்த நாளில் சுற்று வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைகூடக் காலியில்லை. கோகிலவாணியின் அம்மா சாந்தாமணி, மண்டபத்தை மாற்றினால் பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊர் பேசும் என்றாள். நாச்சிமுத்து வேறு மாதிரி சொன்னார். "அது கல்லு. என்ற பையன் ஒரு அடி எடுத்து வெச்சான்னா கல்லு ஒதுங்கும்." அவர் செஸ் வகுப்புக்குப் போகாத ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒருவர், போனவர்களில் பலர் அவரிடம் வேலை பார்த்தார்கள்.

முகூர்த்த நாள் காலையில் இரண்டு வாசலிலும் பதினாறு பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். வெள்ளைக்காய்தான் முதலில் நகரும் என்று கேள்விப்பட்டதும் நாச்சிமுத்து, முதல் அடி மாப்பிள்ளை வீட்டார் அடிதான் என்று சொல்லித் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பெண்களுக்கு வெள்ளையில் சரிகை போட்ட புடவை என்று எடுத்துக் கொடுத்திருந்தார். அவர்கள் பக்கத்தில் ஒருவர் நகர்ந்த பிறகு பெண் பக்கத்தில் ஒருவர், பிறகு அவர்கள், பிறகு இவர்கள் என்று கல்யாணம் ஒரு அடி அந்தப் பக்கமும் ஒரு அடி இந்தப் பக்கமுமாக மணவறையை நோக்கி நகர்ந்தது. நாற்காலிக்காரர்கள், இங்கே போ, அங்கே போ என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வழி சொன்னார்கள்.

பன்னீர்ச் செம்போடு வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா மரியாதைக்காக பெண் வீட்டுப் பெரியம்மா நின்ற கல்லிலேயே கால் வைத்தபோதுதான், ஒரு வீட்டு விசேஷங்களில் நடக்காத ஒன்று நடந்தது. பெரியம்மா அங்கே இல்லை. வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில், செருப்பு விடும் இடத்தில், கையில் தாம்பூலப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். "வலிக்கலீங்க, யாரோ தோளைத் தொட்டு ஓரமா நில்லுன்னு சொன்ன மாதிரி இருந்துது" என்று வெளியிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னாள். மறு அடியில் பெண்ணின் மாமா குதிரையாகத் தாண்டி வந்து அந்தச் சித்தப்பாவையும் வெளியே அனுப்பினார். வெளியே போனவர்கள் பந்திக்கு முதல் ஆளாகப் போகலாம் என்று சமையல்காரர் சொல்லிவிட்டதால், அதற்கப்புறம் சிலர் வேண்டுமென்றே குறுக்கே போய் நின்றார்கள்.

நாச்சிமுத்து யானை. நேர்கோட்டில் கம்பீரமாக வந்து, பெண் வீட்டுச் சிப்பாய் ஒருத்தியின் முன்னால், மூலைவாட்டில் அடுத்த கல்லிலேயே நின்றார். அவள் மாரக்காள், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள், பெண்ணுக்குப் பூ வைக்க வந்து வரிசையில் மாட்டிக்கொண்டவள். நேராக நடக்கும் சிப்பாய், வெட்டும்போது மட்டும் மூலைவாட்டில் வெட்டும் என்பது வகுப்பின் முதல் நாள் பாடம்.

"மில்லுக்காரரே, அங்க நிக்காதீங்க, நான் வெட்டிப்போடுவனாட்ட இருக்குது" என்றாள் மாரக்காள்.

"நீ வெட்டு பாக்கலாம்" என்றார் நாச்சிமுத்து. அடுத்த நிமிஷம் செருப்புகளுக்கு நடுவில் நின்றார். தாம்பூலப் பையை வாங்க மறுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

கடைசியில் நவநீதனும் கோகிலவாணியும் மணவறைப் பூப்பந்தலுக்கு அடியில் எதிரெதிரே வந்து சேர்ந்தார்கள். நடுவில் ஒரு கல். நவநீதன் வலது காலைத் தூக்கினான், கால் அந்தரத்தில் நின்றது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தான், அவளும் போனாள், நடுவில் மறுபடி ஒரு கல். நவநீதனுக்குப் பின்னால் ராணியாக நின்ற அவன் அம்மா ருக்குமணியின் கையில் தாலித்தட்டு இருந்தது, சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் பெரியதம்பி நாற்காலிப் பக்கமிருந்து கடிகாரத்தைப் பார்த்தார். தாலி கட்டினால்தான் கால் இளகும், கால் இளகினால்தான் தாலி கட்ட முடியும். சமையல்காரர் சாம்பார் அள்ளும் நீளக் கரண்டியை அனுப்பட்டுமா என்று கேட்டார். பெரியதம்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு வழி இருக்குதுங்க" என்றாள் கோகிலவாணி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டா ஆட்டம் சமம்னு முடிச்சுக்கலாம். யாரும் ஜெயிக்க வேண்டாம், யாரும் தோக்க வேண்டாம்."

"சமமா?" ஜன்னலிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது. "பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் எந்தக் காலத்துல சமமா இருந்துச்சு? வேணும்னா அவிய வந்து கேக்கட்டும், யோசிக்கலாம்."

"நாங்க எதுக்குங்க சம்பந்தி கேக்கணும்?" என்றாள் சாந்தாமணி, மூன்று கல் தள்ளி ராணியாக நின்றவள். "வெளிய செருப்போட நிக்கறது நாங்களா?"

"இன்னும் சித்த நேரந்தான் இருக்குது" என்றார் பெரியதம்பி. "அப்புறம் இராகு காலம். ரெண்டு ஜாதகத்துக்கும் சேர்ந்த மாதிரி அதுக்கப்புறம் ஆடிக்குப் பின்னாலதான் நாள்."

கோகிலவாணி பலகையைப் பார்த்தாள். அவளுடைய பழக்கம் அது. அம்மாவை அந்த மூலைக்கும் மாமாவை இந்தப் பக்கமும் நகர்த்தினால் இரண்டே அடியில் நவநீதனுக்குப் போக்கிடம் இருக்காது, ஆட்டம் முடியும், தாலியும் ஏறும், நாச்சிமுத்து அந்த வீட்டு வாசலில் அவள் காலடி வைக்கும் ஒவ்வொரு நாளும் அதை நினைப்பார். தானே படுத்துவிடலாம், அப்படிப் படுத்தால் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டுவாள். பிள்ளைகளிடம் அவள் ஓயாமல் சொல்வது ஒன்று, எவ்வளவு மோசமான நிலையிலும் நீயாகப் படுக்காதே, எதிராளி தப்புப் பண்ணுவான் என்று. இப்படியே நாலைந்து அடி முன்னால் யோசித்துக்கொண்டு நின்றவள், அடுத்த அடி தன்னுடையது இல்லை என்பதையும், அது ஆட்டம் தெரியாத ஒருவனுடையது என்பதையும், அவன் எதையும் மறக்காதவன் என்பதையும் யோசிக்கவில்லை.

நவநீதன் தலைப்பாகையைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தான். மாலை கசங்காமல் பக்கவாட்டில் ஒதுக்கினான். பட்டு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்கப் போகிறவன் மாதிரி நிதானமாக, வெள்ளைக் கல்லில் மல்லாந்து படுத்தான்.

நாற்காலிக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், எந்திரிடா!" என்றார் நாச்சிமுத்து. "மானம் போகுதுடா!"

"போகட்டும்ங்கப்பா" என்றான் நவநீதன், படுத்தபடியே.

தரையிலிருந்து பெருமூச்சு வந்தது, இந்தத் தடவை எல்லோரும் கேட்டார்கள். கால்கள் இளகின. கோகிலவாணி நடுவிலிருந்த கல்லை ஓடித் தாண்டினாள், அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். ருக்குமணி தாலித்தட்டை நீட்டினாள், எழுந்திருக்க நேரமில்லை, அப்படியே கட்டு என்றார் பெரியதம்பி. அவள் குனிந்தாள், அவன் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கட்டினான், நாதஸ்வரக்காரர் எந்தக் கோணத்தில் பார்ப்பது என்று தெரியாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கெட்டிமேளம் வாசித்தார்.

"வலிக்குதுங்களா?" என்று அவள் காதுக்கருகில் கேட்டாள்.

"இல்ல. கல்லு சில்லுனு இருக்குது" என்றான்.

நாச்சிமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், பையன் தோற்கவில்லை, ராத்திரி பூரா முழித்திருந்த அசதியில் கொஞ்சம் கண்ணயர்ந்தான் என்று சொன்னார். ஊர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, தன் பாட்டுக்கு அடுத்த கல்யாணங்களை நடத்தியது. மாப்பிள்ளை படுத்துத் தாலி கட்டுவது அந்த மகாலின் வழக்கமாகி, கொஞ்ச நாளில் சாதாரணத் தரையுள்ள மண்டபங்களுக்கும் பரவி, மணவறையில் மாப்பிள்ளைக்குத் தலையணை வைப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. போட்டோக்காரர்கள் மேலிருந்து எடுக்க ஏணி வாங்கினார்கள். ஜாதகம் பார்த்து முடித்ததும் தரகர்கள் குரலைத் தாழ்த்தி, "படுக்கறது எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார்கள். எங்கள் பையன் படுக்கமாட்டான் என்று சொன்ன ஒரு வீட்டில் பெண் படுத்தாள், அடுத்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படுத்து, யார் தாலி கட்டுவது என்று குழம்பி, பக்கத்தில் நின்ற சரசு சித்திதான் இருவரையும் உட்கார வைத்தாள்.

மறு வருஷம் நாச்சிமுத்துவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. வேறு எந்த மண்டபத்தில் வைத்தாலும் அவர் கனகமணி மகாலுக்குப் பயந்துவிட்டார் என்று பேசுவார்கள் என்பதால் அங்கேயே வைத்தார். ஒரு வீட்டு விசேஷம், எதிர்ப்பக்கம் என்று ஒன்றில்லை, படுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்தான் ராஜா. ஒரு கல் நகர்ந்து நின்றார். மறுபடி ஒரு கல். ருக்குமணி ராணியாக வடக்கு வாசலில் சம்பந்தியை வரவேற்று, ஒரே வீச்சில் தெற்கு மூலைக்குப் போய், அங்கிருந்து மூலைவாட்டில் சமையல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போனாள். "ருக்கு" என்று கூப்பிட்டார். நாதஸ்வரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. யானையாகப் பக்கத்தில் நின்ற நவநீதன் பார்த்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்துவால் கல்யாணமான நாளிலிருந்து போக முடிந்தது ஒரு கல், அவள் போய்க்கொண்டிருந்தது பலகை முழுக்க. மில்லிலும் வீட்டிலும்கூட அப்படித்தான் இருந்தது என்பது அவருக்கு அந்தக் கல்லின்மேல் நின்றபோதுதான் தெரிந்ததோ என்னவோ, மேல்துண்டை எடுத்து உதறி விரித்தார், பிறகு வேண்டாம் என்று மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், மெல்ல ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தார், அப்படியே படுத்தார்.

எல்லோர் கால்களும் இளகின. ருக்குமணி கையிலிருந்த குங்குமச் சிமிழைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சுங்க? நெஞ்சு வலிக்குதுங்களா?"

"ஒன்னுமில்ல" என்றார் நாச்சிமுத்து. பக்கத்துக் கல்லைக் கையால் தட்டினார். "சித்த இங்க உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் நவநீதா" என்றார் பிறகு. "கல்லு சில்லுனுதான்டா இருக்குது."